பத்கல் ஏரியும் ஓர் இரவல் வெட்சூட்டும்

சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கு முதல் முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறாராம். நண்பர் ஒருவர் தன் வெட்சூட்டை, குளிர்நீரில் உடம்பைக் கதகதப்பாக வைக்கும் அந்த ரப்பர் உடையை, இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அதை எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. வெட்சூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பயணத்தில் தெரிந்துகொண்டது. அந்தப் பயணத்தைப் பற்றி இதுவரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் மறதி இல்லை, வெட்கம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. தில்லியில் ஓர் அமைச்சகத்தில் எழுத்தர் வேலை, கிட்வாய் நகரில் இன்னும் இரண்டு பிரம்மச்சாரிகளோடு ஒரு குவார்ட்டர்ஸில் வாசம். ஜனவரிக் குளிரில் ஒருநாள் கேன்டீனில், நான் குல்லாவும் மப்ளருமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எங்கள் செக்‌ஷன் சோப்ரா சிரித்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தில்லிக்குத் தெற்கே இருக்கும் பத்கல் ஏரியை இந்தக் குளிரிலேயே நீந்திக் கடப்பேன் என்று சொல்லிவிட்டேன். சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றான். உடனிருந்த மூன்று பேர் கேமராவோடு வருவதாகச் சொன்னார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்து பக்கெட் தண்ணீரில் கைவைத்தபோதுதான் நான் சொன்னது என்னவென்று புரிந்தது. அப்போது பொன்னுச்சாமி அண்ணாச்சி நினைவுக்கு வந்தார்.

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு ஓர் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து, அணைகளின் மதகுகளைத் தண்ணீருக்கு அடியில் போய்ப் பரிசோதிக்கும் வேலை செய்துவந்தார். மோதி பாக்கில் இரண்டு அறைகளில் வாடகைக்கு அவரும் கோமதி அண்ணியும். அவருடைய ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் நான்தான் தட்டச்சு செய்து கொடுப்பேன். அதற்குக் கூலியாக அண்ணி கையால் காப்பி. அவரிடம் ஒரு கறுப்பு வெட்சூட் இருந்தது. பம்பாயில் ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரரிடம் வாங்கியது. ஐந்து வருஷம் ஆகியும் புதிதுபோல இருக்கும். ஒப்பந்தக்காரர் கொடுக்கும் உடை எதுவும் என்னைப்போலவே ஒடிசலான அவருக்குப் பொருந்தாது. இந்த உடையை நம்பித்தான் அவருடைய பிழைப்பு.

நான் இரவல் கேட்டதும் அவர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுக்களையிலிருந்து அண்ணிதான், தம்பி நல்லபடியா பாத்துக்கிடுவாரு, குடுங்களேன் என்றார்.

அண்ணாச்சி என்னை உட்காரவைத்து அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். இழுக்கும்போது விரலின் சதையால் பிடித்து, கணுக்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். கழற்றியதும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெயிலிலும் நெருப்பருகிலும் காயவைக்கக் கூடாது. மடிக்கக் கூடாது, பருமனான ஹேங்கரில்தான் தொங்கவிட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் அச்சா, அச்சா என்று தலையாட்டினேன்.

"பிப்ரவரில இமாசலத்துல வேலை இருக்கு தம்பி. ஐஸு தண்ணி. அங்க இதுதான் எனக்குத் தோலு, பாத்துக்கிடுங்க" என்றார்.

ஞாயிறு காலை 7.50க்குக் கிளம்பினேன். கிட்வாய் நகரிலிருந்து ஆசிரமம் சௌக் வரை டி.டி.சி. பஸ், நாற்பது பைசா. அங்கிருந்து மதுரா ரோட்டில் ஹரியானா பஸ். பத்கல் மோடு என்கிற திருப்பம் வரை சுமார் இருபது கிலோமீட்டர், இரண்டு ரூபாய். பனிமூட்டத்தால் பஸ் ஊர்ந்தது. மோடிலிருந்து ஏரிக்கு மூன்றரை கிலோமீட்டர், டோங்கா குதிரைவண்டியில் பங்குக்கு ஒரு ரூபாய். 10.20க்குப் போய்ச் சேர்ந்தேன். பழுப்புநிறப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தகரம்போல அசையாமல் கிடந்தது. சோப்ரா கூட்டம் எனக்கு முன்பே வந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது.

கீக்கர் என்கிற கருவேல மரங்களுக்குப் பின்னால் போய் உடை மாற்றினேன். நகம் வெட்டியிருக்கவில்லை. பிளாஸ்டிக் பையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். குதிகாலைத் தாண்டி அது ஏறவே மாட்டேன் என்றது. அந்தப் பக்கம் சோப்ரா, என்ன ஆச்சு மதராஸி என்று கூவிக்கொண்டிருந்தான். அவசரத்தில் மார்புப் பக்கத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். கட்டைவிரல் நகம் ரப்பருக்குள் இறங்கியது. பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. உள்ளே இருக்கும் துணிவரை போகவில்லை. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. பார்த்தால் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கரைக்கு நானூறு மீட்டர் இருக்கும். பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. முகமும் கையும் மரத்துப்போயினவே தவிர உடம்பு கதகதப்பாகத்தான் இருந்தது. என் துணிகளோடு சுற்றிக்கொண்டு அக்கரைக்கு வந்திருந்தவர்கள் கரையேறியதும் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். இதைப் போட்டுக்கொண்டால் நானும் நீந்துவேன் என்று சோப்ரா சொன்னது நியாயம்தான். ஆனால் அன்றைக்கு அது என் காதில் விழவில்லை.

ஈர உடை நான்கு கிலோ கனத்தது. அதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போக மனமில்லை. ஏரிக்கரை டீக்கடையில் பெரிய கரியடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அதன் முதுகில் உடையைப் போட்டேன். டீக்கடைக்காரர், பாபுஜி, ரப்பர் ஹை, கராப் ஹோ ஜாயேகா, கெட்டுப்போய்விடும் என்றார். கவலைப்படாதீர்கள், இது விலாயத்து ரப்பர் என்று அவருக்கே பாடம் நடத்தினேன். பகோடா சாப்பிட்டு, என் பராக்கிரமத்தை இரண்டு தடவை சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பிப் பார்த்தபோது மார்புப் பக்கம் உலர்ந்து பளபளப்பாக இருந்தது. தொட்டால் அட்டைபோல விறைப்பு. நாலாக மடித்துப் பையில் திணித்தேன்.

மறுநாள் மாலை மோதி பாக் போனேன். அண்ணாச்சி வீட்டில் இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அண்ணி வாங்கிக்கொண்டு, நல்லா காஞ்சிட்டா தம்பி என்று கேட்டார். காய்ந்துவிட்டது என்றேன். அவர் அதை அடுக்களையை ஒட்டிய சின்ன அறையில், மர ஹேங்கரில் பதமாக மாட்டினார்.

பிப்ரவரி நடுவில் அண்ணாச்சி இமாசலம் போனார். பத்து நாளில் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. முதல் முக்குளிப்பிலேயே, நாற்பது அடி ஆழத்தில், மார்புப் பக்கம் பிளந்துவிட்டதாம். பனித்தண்ணீர் உள்ளே புகுந்ததும் மூச்சு அடைத்து, கை வேலை செய்யவில்லை. கயிற்றை இழுத்துச் சைகை கொடுக்கக்கூட முடியவில்லை. மேலே இருந்தவர் சந்தேகப்பட்டு இழுத்திருக்காவிட்டால் அவ்வளவுதான். நான்கு நாள் ஆஸ்பத்திரி. ஒப்பந்தக்காரர் அந்தப் பருவத்து வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

உடை அவர் மடியில் கிடந்தது. அண்ணாச்சி கிழிசலின் தொடக்கத்தை விரலால் தடவிக்கொண்டே அண்ணியிடம் கேட்டார்.

"இது நகம் பட்ட வெட்டு. நீ எடுத்து வைக்கும்போது பட்டுச்சா?"

அண்ணி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியலியே என்றார். பிறகு, அந்தக் குளிரில் இரண்டு நாள் கணப்புக்காகக் கரிச்சட்டியை அந்த அறையில் வைத்ததாக அவராகவே சொன்னார். அதனால்தான் இறுகியிருக்கும், எம்புத்திக்கு அப்ப எட்டல என்றார். அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தார். நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். நடுவில் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். அண்ணாச்சி அண்ணியிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை என்பதைப் பார்த்தேன். அண்ணி அந்தக் கரிச்சட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார். இன்னும் குளிர் விடாத காலை நேரத்தில், சட்டி இல்லாத அந்த வீட்டில், சால்வையை இறுக்கிக்கொண்டு வேலை செய்தார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பதினோராம் நாள் சனிக்கிழமை. ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியனுப்பியிருந்தார். தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். தொழிலில் தன் கவனம் குறையவில்லை, வீட்டில் மனைவியின் அஜாக்கிரதையால் உடை கெட்டுவிட்டது, இனித் தன் உடை வேறு யார் கைக்கும் போகாது, மறுபடி வாய்ப்புத் தர வேண்டும். இதுதான் கடிதம். முழுவதையும் அடித்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன். இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

அண்ணாச்சி பேனா எடுக்க உள்ளே போனார். அண்ணி வந்து காகிதத்தை எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதிருக்கு தம்பி? என்னப் பத்தி ஏதும் இருக்கா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அண்ணாச்சி பேனாவோடு திரும்பி வந்தபோது, நகம் என்னுடையது என்றேன். டீக்கடை அடுப்பு, நாற்காலி, நாலாக மடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். தலைநிமிராமல் சொன்னேன்.

அண்ணாச்சி என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் உருளையிலிருந்து காகிதத்தை உருவி, இரண்டாகக் கிழித்தார். போடுறதுக்கு முன்னால நானும் கைவச்சுப் பாத்திருக்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அண்ணியைப் பார்த்தார். அந்தப் பதினோரு நாளில் அவர் அண்ணியை நேராகப் பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு நான் நகத்தப் பாத்துக்கிட்டு நின்னேனே, நீங்க இங்கதான இருந்தீங்க" என்றார்.

அண்ணாச்சி வேறு காகிதம் போடச் சொன்னார். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். என் பெயர், என் வேலை, நான் செய்தது எல்லாவற்றையும் நானே அடித்து, அடியில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பதில் வரவேயில்லை.

இனி, கேட்ட வாசகருக்கு. அண்ணாச்சி எனக்குச் சொன்னதையெல்லாம் மேலே எழுதிவிட்டேன், அதையே வேதமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய டிரையத்லான் வெட்சூட்டுகள் அதைவிட மெல்லியவை, ஆகவே இன்னும் பொறுமை வேண்டும். அணிவதற்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள், யாராவது கூப்பிட்டால் காத்திருக்கட்டும். நிழலில் முதலில் உள்பக்கம் வெளியே இருக்கும்படி காயப்போட்டு, பிறகு திருப்புங்கள். பயணத்தில் மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள். சின்ன நக வெட்டை அதற்குரிய பசையால் அன்றைக்கே ஒட்டிவிட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். இரவல் உடை என்றால், ஒட்டுவதற்கு முன்னால் உடையவரிடம் சொல்லுங்கள். பத்கல் போக நினைப்பவர்கள் விசாரித்துவிட்டுப் போங்கள். பின்னாட்களில் அந்த ஏரி வற்றிப்போனது.

ஏப்ரலில் அண்ணாச்சி தில்லியைக் காலி செய்தார். தூத்துக்குடியில் துறைமுகத்தில் ஏதோ வேலை கிடைத்திருந்தது. புது தில்லி ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தேன். அண்ணாச்சி என் தோளைத் தட்டி, உடம்பப் பாத்துக்கிடுங்க என்றார். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் நான் பழகிய மூன்று வருஷத்தில், அடுத்த தெருக் கடைக்குக் கிளம்பினாலும் போயிட்டு வாரேன் தம்பி என்று சொல்லிவிட்டுப் போகிறவர். வண்டி நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"போறோம்" என்றார்.