சுகம் என்று நான் சாட்சி சொன்ன ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி இருபது நிமிடம். வெப்பமானி நூற்றொன்று புள்ளி இரண்டு காட்டியது. அணைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே எண்தான்.

என் மகள் ஷைனிக்கு அப்போது பதினான்கு வயது. ஆறு வாரங்களுக்கு முன்புதான் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்திருந்தார்கள். காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் ஒரு தாள் தந்திருந்தார்கள். நூறு புள்ளி நான்கைத் தாண்டினால் மாத்திரை எதுவும் கொடுக்காமல் உடனே கிளம்பி வரவும், எந்த நேரமானாலும். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியதே நான்தான்.

அன்று நான் கிளம்பவில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாமதித்தேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் நோயையும் தங்கள் விசுவாசத்தையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழும் பெற்றோர் யாராவது இதை வாசிக்கலாம். அவர்கள் என்னைவிடத் தெளிவானவர்களாக இருக்கக்கூடும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல் அறிகுறி மிகச் சாதாரணமானது. பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. பிரஷ் பழசாகிவிட்டது என்று புதியது வாங்கிக் கொடுத்தேன். பிறகு கெண்டைக்காலில் நீல நிறத்தில் கன்றிப்போன தடங்கள். எங்கேயாவது இடித்துக்கொண்டாயா என்று என் மனைவி மெர்சி கேட்டாள். இல்லை என்றாள் ஷைனி. கேம்ப் ரோட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தோம். அங்கிருந்த பெண் இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும் என்று போனில் சொன்னபோது காரணம் சொல்லவில்லை.

அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா (எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நோய்). மார்பின் தோலுக்கடியில் போர்ட் (மருந்து ஏற்றுவதற்காகப் பெரிய ரத்தக்குழாயோடு இணைக்கும் சிறு கருவி) வைத்தார்கள். கீமோதெரபி தொடங்கியது. மூன்றாவது வாரம் முடி கொட்டிவிட்டது. கண்ணாடியில் என்னையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஷைனி சொன்னாள்: “எனக்காவது திரும்ப வரும்ப்பா. உங்களுக்கு?”

ஐந்து வாரம் முடிந்து மஜ்ஜையைச் சோதித்தார்கள். ரெமிஷன் (சோதனையில் புற்றணுக்கள் தென்படாத நிலை) என்று மருத்துவர் சொன்னார். நடுத்தர வயதுப் பெண்மணி, சுருக்கமாகப் பேசுபவர். “நல்ல செய்திதான் சார். ஆனா இது முதல் படி. ட்ரீட்மென்ட் இன்னும் ரெண்டரை வருஷம் இருக்கு. இப்பதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்” என்றார்.

நான் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்டுக்குக் காத்திருந்தபோதே சபையில் என்ன சொல்வது என்று மனதுக்குள் கோக்கத் தொடங்கிவிட்டேன்.

சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலையூரில் சிறிய கூடம், நூற்றைம்பது பேர் இருப்போம். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சபையில் ஞாயிறு பள்ளியும் நடத்துகிறேன். எங்களிடம் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. பிரசங்கத்துக்கு முன்னால், தேவன் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து மைக்கில் சொல்லலாம். வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, கட்டி கரைந்தது. நோய் இன்னும் இருக்கிறது என்று சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. அது ஜெபக் குறிப்பு. தாளில் எழுதிப் பெட்டியில் போடுவது.

ஷைனிக்காக அவர்கள் ஐந்து வாரம் சங்கிலி ஜெபம் செய்தார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு இருபத்துநான்கு மணி நேரமும் விடாமல். சாப்பாடு கொண்டுவந்தார்கள், ரத்தம் கொடுத்தார்கள். அவர்களிடம் போய் இது முதல் படிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஞாயிறு காலையில் மைக்கைப் பிடித்து, “என் மகளுக்குக் கர்த்தர் முழு சுகம் கொடுத்துவிட்டார்” என்றேன். கூடமே எழுந்து நின்றது. மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம் என்று பாஸ்டர் அங்கேயே அறிவித்தார்.

நான்கு இருபதுக்கு மெர்சி மேலே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். ஷைனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளும் எண்ணைப் பார்த்தாள்.

“கிளம்பணும்ல?”

“ஆளுங்க வந்துட்டிருக்காங்கம்மா. கூட்டம் முடிஞ்சதும் நேரா போயிடலாம்.”

“அந்தப் பேப்பர்ல உடனேன்னு போட்டிருக்கே.”

“ஒரு மணி நேரம்தான்.”

நான் பாரசிட்டமால் மாத்திரை கொடுத்தேன். மெர்சியிடம் சொல்லவில்லை. ஐந்து மணிக்குப் பார்த்தபோது தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் வெப்பவியல் நடத்தியவன் நான். மாத்திரை எண்ணைத்தான் குறைக்கும், கிருமியை அல்ல. தெரிந்திருந்தது. தெரிந்ததை அந்த மாலைக்கு மட்டும் ஒதுக்கிவைத்தேன்.

மே மாத வெயில் அப்போதும் தணியவில்லை. எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஷைனி கம்பளிச் சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாட்டு, மூன்று ஜெபம். பிறகு பாஸ்டர் அவளிடம் மைக்கை நீட்டி, பாப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

“நான் நல்லா இருக்கேன். எல்லாருக்கும் தேங்க்ஸ்.”

என் பிள்ளை எனக்காகச் சொன்ன பொய் அது. அல்லேலூயா என்ற சத்தத்தில் அவள் உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, வயதானவர்கள் உட்கார்வதுபோல உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குக் கேசரியும் காபியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஷைனியால் எழுந்திருக்க முடியவில்லை. மெர்சி அவள் கையைத் தொட்டாள். கை சில்லென்று இருந்தது, நகங்கள் சாம்பல் நிறத்தில். எப்போதிலிருந்து என்று மெர்சி என்னிடம்தான் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆறுமுகம் காரை எடுத்தார். இந்தப் பகுதி வயலாக இருந்த காலத்திலிருந்து இங்கே இருக்கிற குடும்பம். எங்கள் மனைகூட அவர்கள் நிலமாக இருந்ததுதான். பல்லாவரம் சிக்னலில் நின்றபோது கேட்டார்: “ஜுரம் எப்போ வந்திச்சு சார்?”

“நாலரை இருக்கும்.”

“இன்னா சார் நீங்க. வண்டி சும்மாதான நின்னுகினு இருந்திச்சு. ஒரு குரல் குடுக்க வேணாமா?”

பின்சீட்டில் மெர்சியின் மடியில் ஷைனி வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

நியூட்ரோபீனியா (கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோன நிலை). அந்த நிலையில் கிருமி போர்ட் வழியாக ரத்தத்தில் கலந்திருந்தது. செப்டிக் ஷாக் (தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் தடுமாறத் தொடங்கும் நிலை). காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார். ஆறரைக்கு என்றேன். ஆறுமுகத்திடம் சொல்ல முடிந்த உண்மையை, அது தேவைப்பட்டவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. மெர்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

ஷைனிக்குச் செயற்கை சுவாசம் வைத்தார்கள். போர்ட்டை அகற்றினார்கள். சிறுநீர் எத்தனை மில்லி வந்தது என்று ஒரு நர்ஸ் மணிக்கு ஒருமுறை எழுதினார். காலையில் மருத்துவர் வெளியே வந்தபோது எழுந்துபோய் உண்மையைச் சொன்னேன். நான்கு இருபது என்றேன். மாத்திரை கொடுத்ததையும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எழுதிக்கிறேன் சார்” என்றார். சற்று நின்று, “நல்லாயிட்டான்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே?” என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

நான்கு நாட்கள் அந்தத் தாழ்வாரத்தில் இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்ட பெயர் எங்களுடையது அல்ல. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனார். திரும்பி வந்து தன் பையை எடுத்துக்கொண்டபோது என்னைப் பார்க்கவில்லை. அந்த இருக்கையில் வேறு யாரும் உட்காராமல் இருக்க வேண்டுமே என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நற்செய்தி என்ற சொல்லை நான் சிறு வயதிலிருந்து சொல்லிவருகிறேன். அந்தத் தாழ்வாரத்தில் அது எனக்குப் பயமூட்டியது. நல்ல ரிப்போர்ட் வரும் என்பதுதான் அதன் பொருள் என்றால், பையை எடுத்துக்கொண்டு போனவருக்கு அது பொய். நாளை எனக்கும் பொய்யாகலாம்.

இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றி வருடாவருடம் ஈஸ்டருக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஒரு சுவிசேஷத்தில், அவர் உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியைக் கேட்டதும் அவர்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தினால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று வரும். அந்த இடத்தை எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன். பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்கும் என்று காரணம் வைத்திருந்தேன். உலகத்தின் முதல் நற்செய்தியைக் கேட்டவர்களுக்குக் கை கால் நடுங்கியிருக்கிறது. பயம் தீர்ந்த பிறகு அது அவர்களிடம் வரவில்லை. பயத்தின் நடுவில், கல்லறை வாசலில் வந்தது. அவர்களுடைய நாட்டில் அதற்குப் பிறகும் நோய் இருந்தது, சிலுவைகள் இருந்தன.

அப்படியென்றால் என்னதான் செய்தி? நான் இறையியல் படித்தவன் அல்ல. உனக்கு ஒன்றும் ஆகாது என்று அங்கே யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உனக்கு என்ன நேர்ந்தாலும் அதன் நடுவில் நானும் வந்தேன் என்று ஒருவர் சொன்னார். இவ்வளவுதான் எனக்குப் புரிகிறது. இதை நம்புவதற்கு என் மகள் பிழைத்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று புரிந்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஷைனியின் குரல் தேய்ந்துபோயிருந்தது. தண்ணீர் கேட்டாள். பிறகு என்னைக் கேட்டாள்: “டாக்டர்கிட்ட எத்தன மணின்னு சொன்னீங்க?”

“மொதல்ல பொய் சொன்னேன். மறுநாள் காலைல சரியா சொல்லிட்டேன்.”

“சர்ச்ல?”

நான் தண்ணீர் டம்ளரை மறுபடி அவள் உதட்டருகே கொண்டுபோனேன்.

“நானும் சேர்ந்துதான சொன்னேன்ப்பா. நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்வேன்.”

மூன்று வாரம் கழித்து அவளை வீட்டுக்கு அழைத்துவந்தோம். அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் நான் முன்னால் போனேன். என் மகளுக்கு முழு சுகம் என்று சொன்னது உண்மையல்ல. நோய் திரும்ப வரலாம், சிகிச்சை இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. உங்கள் முன்னால் பொய்யனாகிவிடுவேனோ என்ற பயத்தில் அவள் காய்ச்சலை மறைத்தேன், அதில் அவள் சாகப் பார்த்தாள் என்றேன். ஆமென் சொல்ல ஒருவரும் இல்லை. பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டு எண்ணை அறிவித்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஒருவர் போனில், விசுவாசக் குறைவான வார்த்தையை வாயால் அறிக்கை செய்திருக்கக் கூடாது, அது குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் என்று எச்சரித்தார். இரண்டு நாள் அந்த வாக்கியம் வீட்டுக்குள் நடமாடியது. ஷைனிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டோம். மெர்சி என்னோடு பேசத் தொடங்கியிருந்தாள், தேவையானதை மட்டும்.

போர்ட் இருந்த இடத்தில் ஷைனிக்கு ஒரு பள்ளமான தழும்பு. மறுபக்கத்தில் புதிய போர்ட். தழும்பு போக ஏதாவது களிம்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டேன். வேண்டாம் என்று ஷைனி முந்திக்கொண்டாள். உயிர்த்தெழுந்தவரின் உடலிலும் ஆணித் துளைகள் அப்படியே இருந்தன என்று எத்தனையோ முறை வாசித்தவன்தான் நான். அது தழும்புள்ள ஒரு உடலைப் பற்றிய செய்தி என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது எனக்கு மாதம், வருடம் எல்லாம் இல்லை. ஒரு ரத்த எண்ணிக்கையிலிருந்து அடுத்த ரத்த எண்ணிக்கை வரை பதினான்கு நாட்கள். அவ்வளவுதான் காலம். என் கை என்னைக் கேட்காமலே அவள் நெற்றிக்குப் போகிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட உள்ளங்கை ஏதோ ஒரு சூட்டைத் தேடுகிறது. அவள் நன்றாக இருக்கும் நாட்களில்தான் அதிகமாகப் பயப்படுகிறேன்.

சபையில் உண்மையைச் சொன்ன ஆறாவது வாரம், நான் விடுப்பு எடுத்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு மணி இருக்கும், அழைப்பு மணி அடித்தது. எஸ்தர் அக்கா நின்றிருந்தார். பாடகர் குழுவில் முதல் வரிசை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு தன் மார்பிலிருந்த கட்டி கத்திபடாமல் கரைந்தது என்று சாட்சி சொன்னவர். அன்று உரக்க ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

உள்ளே வரச் சொன்னேன். வந்தார், உட்காரவில்லை. வலது கையை மடக்கி உடலோடு ஒட்டி வைத்திருந்தார். சேலைத் தலைப்பை மீறி ஏதோ ஒரு வாடை வந்தது. மெர்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“அது கரையவே இல்ல தம்பி. நான் சாட்சி சொன்ன அன்னிக்கும் இருந்திச்சு” என்றார். “அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போறியா?”