ஓர் இடத்தில் மட்டும் கோணல்

ஜிப்பக்காவுக்கு ஒரு பழக்கம். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். புதுச் சட்டை, பழைய கோட்டு, பள்ளிக்கூடப் பை, எதுவானாலும் சரி. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் கோட்டுக் கைமடிப்பை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப நாள் தாங்காது" என்று முணுமுணுத்தாள். யாரைச் சொல்கிறாள் என்று புரியாமல் டாக்டர் வெலவெலத்துப் போனார். வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் இஸ்திரி போட்டுச் சமாளித்துவிடலாம் என்பது அவள் கட்சி.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தையல் கடையில் வாசலை ஒட்டிய முதல் மெஷின் அவளுடையது. புதுத் துணி தைப்பது உள்ளே இருக்கும் ஆண்களின் வேலை. பிய்ந்த ஜிப்பை மாற்றுவது, இடுப்பைத் தளர்த்துவது, கால் நீளத்தைக் குறைப்பது எல்லாம் இவள் தலையில். அதனால்தான் அந்தப் பெயர். வருகிறவர்கள் அவளிடம் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்தான்: "எப்போ கிடைக்கும்?" எப்படித் தைத்தாய் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். மூன்று பேர் சேர்ந்து நின்றாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை மதியம் ஒரு குவில்ட் குழு கூடுகிறது என்பது, நூலகத்துத் திரைச்சீலைகளைக் கொடுக்கப் போனபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கதவிடுக்கு வழியே பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "இந்த மூலையை எப்படித் திருப்பினீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் கணவருக்கு இது பிடிபடவில்லை.

"நாள் பூரா தைக்கிற. லீவு விட்ட அரை நாள்லயும் தைக்கவா போற?"

"அது வேற தையல்."

"ஏன், ஊசி வேறயா?"

"அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க."

"நான் எப்பவாவது அவசரப்படுத்தியிருக்கேனா? சாப்பாடு ரெடியா?"

குழுவுக்கு ஒரு தலைவி இருந்தார். அவருக்கு மூன்று கண்ணாடிகள். ஒன்று மூக்கில், ஒன்று தலையில், ஒன்று கழுத்துச் சங்கிலியில். எந்த நேரத்திலும் அவற்றில் ஒன்றையாவது தேடிக்கொண்டிருப்பார். சுவரில் மூன்று விதிகள் எழுதி ஒட்டியிருந்தார். ஒன்று, எதையும் சொந்தக் கையால் தைக்க வேண்டும். இரண்டு, தொழிலாகத் தைப்பவர்களுக்கு அனுமதி இல்லை. மூன்று, டீ குடித்த கோப்பையைக் கழுவி வைக்கவும். இரண்டாவது விதிக்கு விளக்கமும் தருவார்.

"கூலிக்குத் தைக்கிறவங்களைக் குறை சொல்லலை. பாவம், அவங்களுக்கு வயிறு இருக்கு. ஆனா கலைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

கலைஞர்களுக்கு வயிறு கிடையாது என்று தெரிந்துகொண்ட ஜிப்பக்கா, சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுத்தாள். தன் வீட்டில் ஓர் அரசி இருப்பதாக அவள் கணவருக்கு இன்றுவரை தகவல் இல்லை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வருஷம் சோதனைக் காலம். வருஷக் கடைசியில் பை பரிமாற்றம் நடக்கும். எல்லோரும் குலுக்கலில் ஒரு சீட்டு எடுத்து, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு சின்ன ஜிப் பை தைத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் புது ஆள் இருக்கலாமா, கிளம்பலாமா என்று தலைவி முடிவு செய்வார். ஜிப்பக்கா எடுத்த சீட்டில் தலைவியின் பெயரே இருந்தது. யானை மாலை போட்டது போலக் குழுவே அவளைத் திரும்பிப் பார்த்தது.

மூன்று வாரம் உயிரைக் கொடுத்துத் தைத்தாள். கட்டை விரல் நகம் அளவு முக்கோணங்கள் நாற்பத்தெட்டு. முனைக்கு முனை ஒட்டி, ஒரு நூலிழை விலகாமல். பன்னிரண்டு தடவையாவது உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஒரு கார் டிரைவர் வந்தார். கையில் இலை போட்ட நீலத் துணி.

"அக்கா, ஜிப் வச்சு, லைனிங் வச்சு ஒரு சின்ன பை தைக்கணும். ஆனா ரொம்ப சுத்தமாத் தைச்சிடக் கூடாதாம்."

"என்னது?"

"வீட்ல கையால தைச்ச மாதிரி இருக்கணுமாம். ஏதாவது ஒரு இடத்துல லேசா கோணலா இருந்தா நல்லதுன்னு மேடம் சொன்னாங்க."

"எந்த இடத்துல?"

"அதைச் சொல்லலையே. உங்க இஷ்டம்." போகும்போது மறக்காமல் கேட்டார். "எப்போ கிடைக்கும்?"

பை அரை மணியில் முடிந்தது; புரட்டுவதற்காக லைனிங்கின் அடியில் விட்ட இடைவெளியைக் கையால் ஏழு தையல் போட்டு மூடினாள். கோணலுக்குத்தான் மூன்று மணி நேரம் பிடித்தது. கை பாட்டுக்கு நேராகப் போய்விடும், பிரிப்பாள், மறுபடி நேராகப் போகும். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓர் அங்குலம் ஓட்டினாள். பிழைப்பில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சரியாகச் செய்யாமல் இருப்பதற்காகப் பாடுபட்டாள்.

பரிமாற்ற நாள் வந்தது. தலைவி குலுக்கலில் எடுத்திருந்தது ஜிப்பக்காவின் பெயரைத்தான். அதிர்ஷ்டம் எப்போதும் ஜோடியாகத்தான் வரும் போலிருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்தாள். இலை போட்ட நீலத் துணி. ஓரத்தில் ஓர் அங்குலக் கோணல். தெரிந்த பைதான், இருந்தாலும் பழக்கதோஷம், உள்பக்கத்தைத் திருப்பினாள். லைனிங்கின் அடியில், கையால் மூடிய இடத்தில், அவளுடைய ஏழு தையலும் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"அந்தக் கோணலைப் பாருங்க" என்றார் தலைவி எல்லோரிடமும். "வேணும்னு பண்ண முடியாது அது. அதுதான் கைவேலையோட உயிர்."

பிறகு நாற்பத்தெட்டு முக்கோணங்களைக் கையில் எடுத்தார். மூன்று கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

"இதுல உயிர் இல்லையேம்மா. எல்லாம் நேரா இருக்கு. கடையில குடுத்துத் தைச்சீங்களா?"

ஜிப்பக்காவின் காது சுட்டது. உண்மையைச் சொன்னால் இரண்டாவது விதி. சொல்லாவிட்டால் முதல் விதி. எப்படிப் பார்த்தாலும் வாசல் ஒன்றுதான். இனிமேல் சனிக்கிழமை மதியமும் "எப்போ கிடைக்கும்?" தான்.

"நானேதான் தைச்சேன்" என்றாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் அந்தக் குழுவில் உண்டு. ஊசியைப் பார்த்து ஊரே பயந்த காலத்தை நினைத்து ஏங்குகிறவர். அவர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"மேடம், இந்த ஜிப்பும் லைனிங்கும் எனக்கு எத்தனை வருஷமானாலும் வரமாட்டேங்குது. இவங்க எங்கே கோட்டை விட்டாங்கன்னு நீங்களே ஒண்ணு தைச்சுக் காட்டுங்களேன். எல்லாரும் கத்துக்கறோம்."

எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். தலைவிக்கு வேறு வழியில்லை. போர்வைக்குத் துண்டு சேர்ப்பதில் அவர் கெட்டிக்காரர், அதில் பொய்யில்லை. ஜிப்பின் இரண்டு பக்கத்தையும் துணியோடும் லைனிங்கோடும் ஒருவழியாகச் சேர்த்துவிட்டார். பிறகு துணிக்கு மேல் துணி, லைனிங்குக்கு மேல் லைனிங் என்று மடித்து, சுற்றிலும் பின் குத்தினார். அடியில் இடைவெளி விட்டார். எல்லாம் சரி. ஜிப்பை மட்டும் முழுக்க மூடி வைத்திருந்தார்.

அப்படியே சுற்றித் தைத்தால் பையை வெளிப்பக்கமாகப் புரட்ட முடியாது. தன் வாயைத் தானே தைத்துக்கொண்ட பை அது. தொழில் கற்ற முதல் வாரத்தில் எல்லோரும் ஒரு தடவை செய்து, திட்டு வாங்கி, பிறகு ஜன்மத்துக்கும் மறக்காத தப்பு.

தலைவி பெடலில் காலை வைத்தார். ஜிப்பக்கா சும்மா இருந்திருந்தால் போதும். இன்னும் இரண்டு நிமிஷத்தில் பத்துப் பேர் எதிரில் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆளும் கிடையாது. ஆனால் மூடிய ஜிப்போடு ஒரு பை ஊசிக்கு அடியில் போவதை அவள் கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அது பாட்டுக்கு நீண்டு, இரண்டு துணிகளுக்கு நடுவே நுழைந்து, ஜிப்பைப் பாதிக்குத் திறந்துவிட்டு வந்தது.

தலைவி நிமிர்ந்தார். "இது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"உங்க பையைப் பார்த்துக் கத்துக்கிட்டேன் மேடம்."

"எந்தப் பை?"

"எனக்குத் தைச்சுக் குடுத்தீங்களே, அது. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்." பிறகு மெதுவாகச் சேர்த்தாள். "கோணல்தான் ரொம்பக் கஷ்டம் மேடம். கண்ணை மூடிக்கிட்டாதான் வருது."

தலைவி மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். தலையில் இருந்ததைப் போட்டார். அதையும் கழற்றினார். வெறும் கண்ணால் ஜிப்பக்காவை முதல் தடவையாகப் பார்த்தார்.

"அப்ப இவங்க பையில என்ன தப்பு மேடம்?" என்றார் நர்ஸ், விடுவதாக இல்லை.

"தப்பு ஒண்ணும் இல்லை" என்றார் தலைவி. "நேராத் தைக்கிறதும் ஒரு பாணிதான். இவங்க இருக்கட்டும்."

அந்தத் தப்பில்லாத பையில்தான் இப்போது தலைவியின் மூன்றாவது கண்ணாடி குடியிருக்கிறது. சுவரில் இன்று இரண்டு விதிகள்தான். டீக் கோப்பைக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. வருஷக் கடைசியில் டிரைவர் கடைக்குத் துணியோடு வருவது நிற்கவில்லை. போன வருஷம் தலைவியின் பை நர்ஸுக்குப் போனது. அந்தக் கோணலின் அழகை அவர் ஒரு வாரம் பேசினார். ஜிப்பக்கா சனிக்கிழமை தவறாமல் போகிறாள். ஜன்னலோர நாற்காலி அவளுடையது. ஜிப் வைப்பது எப்படி என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தலைவி அவள் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார். படிவத்தில் இன்னும் இல்லத்தரசி என்றுதான் இருக்கிறது.