அப்பாவை நீக்கினால் மகள்களும் காணோம்

கணினியில் ஒன்றைச் சேர்க்க எவனாலும் முடியும்; நீக்கும்போதுதான் புரோகிராமர் மானம் போகும். என்னைப் போல் நீக்கி மாட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்காக. நான் பழனிசெட்டிபட்டிக்காரன். கம்பத்தில் திருமணத் தகவல் மையம் நடத்தும் சரசு அக்காவுக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தேன். அதற்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஓ.ஆர்.எம். என்று ஒரு மென்பொருள் தரகர். சொன்னதை அப்படியே செய்வார், அதுதான் ஆபத்து.

கூண்டோடு

அக்காவின் பழைய நோட்டில் ஒரு வழக்கம். குடும்பத்தில் யாராவது தவறிவிட்டால் பெயரைச் சிவப்பு மையில் அடித்துவிடுவார். நல்ல காரிய நோட்டில் அது கிடக்கக் கூடாதாம். ஞாயிறன்று பெண் பார்க்க வருகிறார்கள் என்று பேச வந்த வடுகபட்டித் தமிழ்ச்செல்வி, அப்பா மாரிச்சாமி தவறியதைச் சொல்லியிருக்கிறாள். அவள் போனதும் அக்கா அவர் பதிவை நீக்கினார். குடும்பத் தலைவர் போனால் சார்ந்ததெல்லாம் போகட்டும் என்று நான் பெருமையாக எழுதிவைத்த ஒரு வரி, மூன்று மகள்களின் ஜாதகத்தையும் வழித்துக்கொண்டு போனது. அக்கா போனில் சொன்னார்: "போனது ஒரு மனுசன்தான் தம்பி. நீ புள்ளைகளையும் சேத்து அனுப்பிட்டயே."

காலி இடம்

பேக்கப்பிலிருந்து மீட்டேன். தலைவரை நீக்கினால் அவர் இடம் மட்டும் காலியாகும்படி மாற்றினேன். அக்கா மறுபடி நீக்கினார். மகள்கள் பத்திரமாக இருந்தார்கள். அக்கா அதே விவரத்தாளை ஆண்டிபட்டி மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான் வினை. ஞாயிறு பெண் பார்க்க வருவதே சந்தேகம் என்றுவிட்டார்கள். "தகப்பன் பேரே இல்லையே, என்ன சேதின்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?" என்றார் அக்கா.

பூட்டு

நேரில் கம்பத்துக்கே ஓடினேன். மறுபடி மீட்டு, பிள்ளைகள் இருந்தால் தலைவரை நீக்கவே முடியாதபடி பூட்டினேன். அக்கா சோதித்துப் பார்த்தார். 'இவரைச் சார்ந்தவர்கள் இருப்பதால் இவரை நீக்க இயலாது' என்றது திரை. திருத்திய தாளை வாங்க வந்த தமிழ்ச்செல்வி அதை இரண்டு முறை படித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவள் சிரித்தாள், கண் மட்டும் கலங்கியிருந்தது. "இத எமனுக்குல்ல எழுதிப் போட்டிருக்கணும்ண்ணே."

அமரர்

கடைசியில் பெயருக்கு முன் 'அமரர்' என்று போட ஒரு கட்டம் வைத்தேன். அக்கா முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். புதுத்தாள் ஆண்டிபட்டிக்குப் போன அரை மணியில் மாப்பிள்ளையின் அப்பாவே அழைத்தார்: "பூண்டுக் கடை மாரிச்சாமி மகளா? இத மொதல்லயே சொல்லியிருந்தா போன வாரமே வந்திருப்போமே."

கல்யாணமும் முடிந்தது, அந்த சாஃப்ட்வேரில் அதன்பின் நான் நீக்கியது ஒன்றே ஒன்றுதான், அந்த நீக்கு பட்டனை.