ரசமட்டத்துக்கு இரண்டாம் முறை வந்த மலேரியா

டைல்ஸ் ஒட்டும் அவரை வேலைத்தளத்தில் எல்லோரும், தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை ஒரு நூல் ஏறினாலும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுகிற ஆள். பேச்சிலும் அப்படித்தான். உண்டா இல்லையா, இரண்டில் ஒன்றைச் சொல் என்பார். அவரையே அந்த மலேரியா ஆராய்ச்சி ஒரு வருஷம் தலை சுற்ற வைத்துவிட்டது.

அப்போது அவர் பாதி கட்டிய ஓர் அடுக்குமாடியில் வேலை செய்துகொண்டிருந்தார். அடித்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு நாள் மதியம் குளிர் உதறி எடுத்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த நர்ஸ், மலேரியா என்று சொல்லி ஒரு தாளை நீட்டினாள்.

"அண்ணே, இதுக்கு ரெண்டு மருந்தச் சேத்துக் குடுக்குறதுதான் வழக்கம். இப்பப் புதுசா ஒரு ஜோடி வந்திருக்கு. பழைய ஜோடி நல்லா கேக்குதா, புது ஜோடியான்னு பாக்குறோம். சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம். சேரலன்னாலும் வைத்தியம் உண்டு."

"எனக்கு எது குடுப்பீங்க?"

"எனக்கே தெரியாது. டப்பால நம்பர் மட்டும்தான் இருக்கும்."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

ரசமட்டம் கூட வந்திருந்த மனைவியைப் பார்த்து விழித்தார். அவள் தையல் கம்பெனியில் காஜா எடுப்பவள். தாளை வரி விடாமல் படித்துவிட்டு, "ரெண்டுமே மருந்துதானே, ஒண்ணு வெறும் மாவில்லையே?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"ரெண்டும் மருந்துதான்க்கா."

"அப்பப் போடுங்க கையெழுத்த," என்றாள் புருஷனிடம்.

மூன்று நாள் நர்ஸ் கண்ணெதிரே மாத்திரை விழுங்கினார். வாந்தி வருகிறதா என்று அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வரவில்லை. காய்ச்சல் ஓடியே போனது. பிறகு வாரம் ஒருமுறை விரல் நுனியில் குத்தினார்கள்.

இருபத்தெட்டாம் நாள் சீட்டியடித்துக்கொண்டு போனவரை நர்ஸ் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ரத்தத்துல திரும்பக் கிருமி தெரியுது."

"எனக்குக் காய்ச்சலே இல்லையேம்மா!"

"இன்னும் வரல. வர்றதுக்குள்ள வேற மருந்து குடுத்துடுவோம்."

"அப்ப முன்ன குடுத்தது வேல செய்யலையா?"

"அதச் சொல்ல முடியாதுண்ணே. பழைய கிருமியே ஒளிஞ்சிருந்து தலதூக்கியிருக்கலாம். புதுசா ஒரு கொசு கடிச்சிருக்கவும் கூடும். முதல் நாள் ரத்தத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பாக்க அனுப்புறோம்."

வேறு மருந்தில் கிருமி போய்விட்டது, குழப்பம் போகவில்லை. நல்லாயிருக்கும்போது நோயாளி என்கிறார்கள், கொடுத்தவர்களுக்கே எதைக் கொடுத்தோம் என்று தெரியவில்லை. இதையே உழப்பிக்கொண்டிருந்ததில் ஒரு வரிசை டைல்ஸைக் கோணலாக ஒட்டிவிட்டார். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து நர்ஸ் போன் செய்தாள். "இது வேற கிருமிண்ணே. பழசு முழுசா அழிஞ்சுபோச்சு. அதனால மருந்து தோத்த கணக்குல உங்கள சேக்க மாட்டாங்க."

"ரெண்டு தடவ மலேரியா வந்தது எனக்கு. மருந்து தோக்கலையா?"

"தோக்கலண்ணே."

"அப்பத் தோத்தது யாரு?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொன்னது, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவிதான். "ரெண்டாவது கொசுவும் அந்த அடித்தளத்துலதாங்க கடிச்சிருக்கும். வேற எங்க போனீங்க?"

அது ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. தண்ணீரை இறைத்தால்தான் சிமெண்ட் கரண்டியைத் தொடுவேன் என்று மேஸ்திரியிடம் ஒரே போடாகப் போட்டார். மற்றவர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். நான்காம் நாள் மோட்டார் வந்தது.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் விழுங்கியது பழைய ஜோடி. இரண்டு ஜோடியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குணப்படுத்தின என்றும், வாந்தி மட்டும் புதியதில் கொஞ்சம் குறைவு என்றும் மனைவி படித்துக் காட்டினாள்.

"எனக்குத்தான் வாந்தியே வரலையே?"

"வரல."

"அப்ப நான் குடிச்சது புதுசாத்தானே இருக்கணும்?"

"பழசுன்னுதாங்க போட்டிருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். "இங்க குடு, நானே படிக்கிறேன்."