போறேன் என்று சொல்லாத பண்டாரி

தோணியில் சோறு பொங்குகிறவரைப் பண்டாரி என்பார்கள். பாஸ்கல் பண்டாரி கைப்பக்குவத்துக்குப் பேர்போனவர், அதற்கடுத்து இங்கிலீஷுக்கு. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அல்ல, கொழும்புத் துறையில் காதால் பொறுக்கியது. ஒன்றுபோல் இருக்கும் வாக்கியங்களை உப்புப் பார்ப்பதுபோல நாக்கில் வைத்துப் பார்ப்பார். ‘கிவ் மி டீ’ என்றால் உப்புக் கூடுதல். ‘கேன் ஐ ஹேவ் டீ’ என்றால் அளவு. ‘ஐ வுடண்ட் மைண்ட் எ டீ’ என்றால், ஆசை தொண்டைவரை இருக்கிறது, ஆள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பெரிய கப்பலில் சமைக்க வேண்டும் என்பது மீசை முளைத்த நாள் முதல் அவருடைய ஆசை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் யோகம் அடித்தது. புதுத் துறைமுகத்தில் நின்ற கிரேக்கக் கப்பலின் சமையல்காரனுக்கு மஞ்சள்காமாலை. சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. ஏஜெண்ட் ஆபீஸ் கிளார்க் சுந்தர்சிங் பாஸ்கலைக் கேப்டனிடம் கூட்டிப்போனார்.

பாஸ்கல் வைத்த சீலா மீன் குழம்பைக் கேப்டன் தட்டோடு வழித்தார். சந்தோஷத்தில் சுந்தர்சிங் ஒரு விசில் அடித்துவிட்டார். கேப்டன் முகம் கறுத்தது.

“நோ விசில் ஆன் மை ஷிப்!”

விசில் காற்றைக் கூப்பிடுமாம். காற்று புயலைக் கூட்டிவருமாம். சுந்தர்சிங் வாயைப் பொத்திக்கொண்டார். கேப்டன் பாஸ்கலிடம் திரும்பினார்.

“ஸோ, யூ ஆர் கோயிங் வித் அஸ்?”

“ஐ வில் கம் பேக், சார்.”

“கம் பேக்? வென்? டுடே வி சேல்! கோயிங் ஆர் நாட் கோயிங்?”

“ஐ வில் கம் பேக்,” என்றார் பாஸ்கல் இன்னும் பணிவாக.

வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிற ஆள் போல என்று நினைத்துக் கேப்டன் கையை விரித்தார். “நெக்ஸ்ட் மேன்!”

சுந்தர்சிங்குக்கு வியர்த்துவிட்டது. “அண்ணாச்சி, ‘ஐ ஆம் கோயிங்’னு சொல்லித் தொலைங்களேன்!”

“மாட்டேன் தம்பி. கடலுக்குக் கெளம்புதவன் வாயில போறேங்குற சொல்லு வரலாமா? எங்கய்யா சொல்லல, அவரு அய்யாவும் சொல்லல.”

“அது தமிழுக்குல்லா! இங்கிலீஷ்ல சொன்னா கடலுக்கு வெளங்கவா போவுது?”

“எத்தன தேசத்துக் கப்பலத் தாங்குது! அதுக்கா இங்கிலீஷ் தெரியாது?”

கதவுப்பக்கம் அடுத்த ஆளின் செருப்புச் சத்தம் கேட்டது. பாஸ்கல் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அந்தச் சொல் தொண்டையைத் தாண்ட மறுத்தது. ஒவ்வொரு வாக்கியமாக நாக்கில் வைத்துத் துப்பினார். ஒன்று பதமாக வந்தது.

“சார், தி ஷிப் இஸ் கோயிங். ஐ ஆம் ஒன்லி குக்கிங் இன்சைட்.”

கேப்டன் விழித்தார். சுந்தர்சிங் ஒரே மூச்சில் விவரம் சொன்னார். கேட்கக் கேட்கக் கேப்டனின் வயிறு குலுங்க ஆரம்பித்தது.

“லைக் மை விசில்!” என்று மேசையை அறைந்தார். குழம்புச் சட்டி ஒரு குதி குதித்தது. “குக்! கெட் யுவர் பேக்!”

சாயங்காலம் பாஸ்கலின் மனைவி அல்போன்சா துறைமுகத்தில் கையசைத்து நின்றாள். கப்பல் நகர்ந்தது. பாஸ்கல் வாயைத் திறக்கும் முன்னால் மேலிருந்து கேப்டனே கத்தினார்: “மேடம்! வி வில் கம் பேக்!”

அல்போன்சா சுந்தர்சிங்கைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாத்தீங்களா தம்பி, அந்தக் கேப்டன் எவ்வளவு வெவரமா பேசுதாரு!”

சுந்தர்சிங்குக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. கப்பல் கண்ணுக்கு மறையட்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.