கட்டில் மிதக்கும் படம்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. தாலுகா ஆபீஸில் பட்டா, சிட்டா, அடங்கல் என்று வந்தவர்களோடு பேசிப் பேசியே காலத்தை ஓட்டியவள். ஆபீஸிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்றால் வாயும் ஓய்ந்துவிடுமா என்ன? இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவது பேச்சே இல்லாத ஒரு படத்தைப் பற்றி.

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விஷக்காய்ச்சல் வந்து, போனால் போகிறதென்று உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. மெஷின் வாங்கி மாட்டினோம். "எல்லாரும் தகர டப்பாவுக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்று கழற்றி மேஜை டிராயரில் போட்டவர் அப்புறம் தொடவே இல்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் வரமாட்டார். வீட்டுக்கு யாராவது வந்தால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே வேலை இருக்கிறதோ இல்லையோ, வரப்பில் நின்று மடையில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலு மனுஷரோடு உட்காருவதையே விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவர் போன ஆடியில் சென்னைக்குப் போய், ஒரு பழைய சாமான் கடையிலிருந்து சின்ன புரொஜெக்டர் ஒன்றும் படச்சுருள் ஒன்றும் வாங்கி வந்தார். எட்டு மில்லிமீட்டர் பிலிம். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்றே விற்றதாம். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "காடி வாடை அடிச்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இது அடிக்கலை பாரு" என்றார். "ஊமைப்படம். கேக்குறவனுக்கும் கேக்காதவனுக்கும் ஒண்ணுதான்." பத்து வருஷத்தில் அப்படி அவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

விதைநெல் மூட்டை அடுக்கியிருக்கும் உள்ளறைதான் எங்கள் தியேட்டர். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டால் பட்டப்பகலிலும் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எதிர்வீட்டிலிருந்து என் கொழுந்தனும் ஓரகத்தியும் வருவார்கள். நாங்கள் மூன்று பேரும் மூட்டைகளில் சாய்ந்துகொள்வோம். புரொஜெக்டர் விளக்கைப் போட்டதும் நெல் தூசி அந்த வெளிச்சத்தில் மெல்ல மெல்ல மேலே போகும், கீழே வரும். மெஷின் கடகடவென்று ஓட, எதிரே வெள்ளைச் சுவரில் படம் விழும். அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நிற்பார். பிலிம் எங்காவது சிக்கினால் எங்கள் காதுக்கு முன்னால் அவர் கைக்குத் தெரிந்துவிடும்.

படம் பன்னிரண்டு நிமிஷம். குண்டு முதலாளி ஒருவர் சக்கரம் வைத்த கட்டிலில் தூங்குகிறார். ஒல்லிப்பிச்சான் வேலைக்காரன் கட்டிலுக்கு அடியில் பெருக்க அதை இத்தனூண்டு தள்ளுகிறான். அவ்வளவுதான். கட்டில் வாசலைத் தாண்டி, சரிவான தெருவில் தன்பாட்டுக்கு உருளத் தொடங்கிவிடுகிறது. அவன் பின்னாலேயே ஓடுகிறான். கட்டிலை நிறுத்துவதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை, முதலாளி முழித்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. வெயில் பட்டால் குடை பிடிக்கிறான். குரைக்கிற நாயின் வாயில் தன் தொப்பியைத் திணிக்கிறான். எதிரே வரும் பேண்டு கோஷ்டியின் காலில் விழுகிறான். கடைசியில் கட்டில் ஒரு குளத்தில் இறங்கி மிதக்கிறது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. அவன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், விலகிய போர்வையை முதலாளியின் காலுக்கு இழுத்துப் போர்த்துகிறான். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் குளம் வந்ததும் எனக்குக் கண் சொருகுகிற மாதிரி ஒரு சுகம்.

சுகத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது வாரமே நான் வசனம் பேச ஆரம்பித்துவிட்டேன். "ஐயா ஜமாபந்தி முடிச்ச களைப்புல இருக்காரு, யாரும் மனு குடுக்காதீங்க!" என்றேன். ஓரகத்தி உருண்டு உருண்டு சிரித்தாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? வாரா வாரம் புதுசு புதுசாக அவிழ்த்துவிட்டேன். குளம் வரும்போதுதான் என் பெரிய வெடி. "அய்யய்யோ, மேட்டூர்ல தண்ணி திறந்துட்டான் டோய்!" எல்லாரும் சுவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அவர் எங்கள் முகங்களைப் பார்ப்பார். சுவரைப் பார்ப்பார். சிரிக்கிற மாதிரி அங்கே ஒன்றும் நடந்திருக்காது. "என்ன? என்ன சொன்னா?" என்பார். "அப்புறம் சொல்றேங்க" என்று கையை ஆட்டுவேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதிப் படத்தில் விளக்கை அணைத்துவிட்டார்.

"அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன். பத்து வருஷமா எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. எந்த அப்புறம்? ஒருத்தராவது சொன்னீங்களா?" குரலின் அளவு அவருக்குத் தெரியாதாகையால் அறையே அதிர்ந்தது. "யாரும் எனக்கு அப்புறம் சொல்லத் தேவையில்லாதது இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் புடுங்கிக்கிட்டியே."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் போய்விட்டார்.

எனக்கும் சுள்ளென்று கோபம் வந்தது. வாய் இருக்கிறது, பேசுகிறேன், இதில் என்ன குற்றம் என்று இரண்டு நாள் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அவருக்குத்தான் அது கேட்காதே! மூன்றாம் நாள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தபோது, அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். இவர் இனிமேல் என்னோடும் உட்காரமாட்டார், வீட்டுக்குள்ளேயே ஒரு வரப்பைப் போட்டுக்கொண்டு நின்றுவிடுவார் என்று பயந்துபோனேன்.

அடுத்த ஞாயிறும் மழைதான். கொழுந்தனை ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலை வாங்கி வரச் சொன்னேன். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மூன்று பெரிய சுருளாக மடித்து, கொழுந்தனுக்கு ஒன்று, ஓரகத்திக்கு ஒன்று கொடுத்தேன். "படம் முடியிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, மெல்லணும்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவதை என் வாயில் திணித்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் புடைத்துவிட்டது. அப்படியே போய் அவர் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்து வந்தேன். எங்கள் மூவரின் கோலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிலிமை மாட்டினார்.

அன்றைக்குத்தான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். வெளியே மழை, உள்ளே மெஷினின் கடகடப்பு, வெற்றிலைக் காரம். நாய், குடை, பேண்டு கோஷ்டி எல்லாம் கனவில் வருகிற மாதிரி வந்து போயின. ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் சிரித்தபோதே நாங்களும் சிரித்தோம். குளம் வந்தது. கட்டில் மிதந்தது. அவன் போர்வையைக் காலுக்கு இழுத்தான்.

முதலாளி ஒரு கண்ணைத் திறந்தார். காலைப் பார்த்தார். மீசைக்குள் லேசாகச் சிரித்து மறுபடி மூடிக்கொண்டார்.

அட! அந்த ஆள் தூங்கவே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து முழித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். முதல் வாரம் சுகத்தில் கண் சொருகிப்போனேன். அதற்குப் பிறகு வாரா வாரம் சரியாக இந்த இடத்தில்தானே நான் மேட்டூர் தண்ணீரைத் திறந்துவிட்டேன்!

என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். பேச முடியவில்லை. என் கண்ணைக் காட்டினேன், சுவரைக் காட்டினேன், ஒரு கண்ணைத் திறந்து மூடிக் காட்டினேன்.

"முதல் நாளே பாத்துட்டேன்" என்றார், அறை அதிர. "உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். படம் முடிஞ்சதும் நீ இவங்களோட பேசிக்கிட்டிருந்தே. சரி, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, வெற்றிலைச் சாறு முந்தானையெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொண்டே, மறுபடி போடுங்க என்று விரலைச் சுழற்றிக் காட்டினேன். அவர் சுருளைப் பின்னால் சுற்றிவிட்டு விளக்கைப் போட்டார். இந்தத் தடவை என் கையை எடுத்து மெஷின் மேல், தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.