என் முகம் போட்ட ஐந்நூறு ரூபாய்

என் முகம் ஐந்நூறு ரூபாய் பெறும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அதை இத்தனை வருடம் வெயிலில் இப்படிக் காயப் போட்டிருக்க மாட்டேன்.

நான் எழுதிப் பிழைக்கிறவன். பெரிய எழுத்தெல்லாம் இல்லை. தினமும் கிழிக்கிற காலண்டரில் தேதிக்குக் கீழே ஒரு வரி வருமே, 'காத்திருப்பவன் வீட்டுக்கு மழை தானே வரும்' என்பது மாதிரி, அந்த வரிகள் என்னுடையவை. ஊரையே காத்திருக்கச் சொல்லி எழுதுகிற என்னால் ஓரிடத்தில் கால்மணி நேரம் இருக்க முடியாது. கால் தரிக்காது. விருதுநகரில் வீடு, திருத்தங்கலில் அச்சாபீஸ், நடுவில் பஸ். இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவேன். உட்கார்ந்தால் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்றுகொள்ளும்.

அன்று காலண்டர் புரூப் திருத்தப் போயிருந்தேன். அச்சாபீஸ் ஆர்ட்டிஸ்ட் கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஒரு வெடி ஆபீஸ்காரர் புது அயிட்டம் கொண்டுவந்திருக்கிறார். பேர் 'பணமழை'. திரியைக் கிள்ளிப் பற்றவைத்தால் குழாய் மேலே போய் வெடிக்கும். வெடித்தால் பூ இல்லை, பொறி இல்லை, ஐந்நூறு ரூபாய் நோட்டாகக் கொட்டும். விளையாட்டு நோட்டுதான். அந்த நோட்டை அச்சடிக்கிற ஆர்டர் இவருக்கு.

"என்ன வெசனம்?" என்றேன்.

"மொகம் இல்லண்ணே" என்றார். "நோட்டுல தாத்தா படத்தைப் போட்டா போலீசு வந்துரும். நடிகர் படம் போட்டா ரசிகர் வந்துருவாக. மொதலாளி படம் போடுவோம்னா அவரு வெடிச்சுச் செதறமாட்டேங்காரு." சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "அண்ணே, நீங்க வெடிச்சுச் செதறுனா யாரும் கேக்கமாட்டாக, இல்ல?"

இப்படித்தான் நான் நாணயத்துக்கு வந்தேன். செல்போனில் படம் எடுத்தார். "லேசாச் சிரிங்க. பல்லு வேண்டாம்ணே, பல்லுத் தெரிஞ்சா மதிப்பு கொறைஞ்சுபோயிரும்." பிறகு ஏதோ இழுத்தார், சுருக்கினார். "காதை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கியிருக்கேன். நோட்டுக்கு அம்புட்டுக் காது ஆகாது."

நிஜ நோட்டில் ஒரு வாக்குறுதி இருக்குமல்லவா, கொண்டுவருபவருக்கு இவ்வளவு தருவேன் என்று? அதே மாதிரி இதிலும் ஒரு வரி வேண்டும் என்றார். காலண்டருக்கு ஒரு வரி எழுத எனக்கு ஒரு டீ ஆகும். இதற்கு மூன்று டீ ஆனது. எழுதினேன்: 'இதைக் கொண்டுவருபவருக்கு ஐந்நூறு சிரிப்பு தருவேன் என வாக்களிக்கிறேன்.' கீழே என் கையெழுத்து. நானே ஒரு தடவை வாசித்து நானே மயங்கினேன்.

"அண்ணே, ஒரு சொல்லு கூடுது. கட்டத்துக்குள்ள அடங்கல" என்றார்.

"ஏதாவது ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வாசலில் விருதுநகர் பஸ் வந்துவிட்டது. அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் வரும். எனக்குத்தான் பத்து நிமிடம் கிடையாதே.

நாலைந்து நாள் கழித்து, ஊருக்கு வெளியே கரிசல் பொட்டலில் பணமழையை விட்டுப் பார்த்தார்கள். நானும் போனேன். சாயங்கால வெயில், உளுந்து வெடிக்கிற சூடு, மேற்கே ஒரு கீற்று மேகம் சும்மா வேடிக்கைக்கு. குழாய் விசிலடித்துக்கொண்டு மேலே போய் 'டொம்' என்றது. வானத்தில் நான் விரிந்தேன். ஒன்றல்ல, நூறு நான். சுழன்றேன், கவிழ்ந்தேன், மல்லாந்தேன். வெயில் பட்ட பக்கம் பளபளத்து, படாத பக்கம் கறுத்து, ஒரு புறாக் கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்தது மாதிரி பறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை என் உள்மனசு எப்படி இருக்கும் என்று வெளியே நின்று பார்த்தேன். கருவேல முள்ளில் குத்துப்பட்டுத் தொங்கினேன். ஓர் ஆடு என்னை நிதானமாக மென்று, நெற்றி வரைக்கும் தின்றுவிட்டு மீதியைத் துப்பியது. அதற்குள் கீழ்க்காற்று எழும்பி மிச்சமிருந்த என்னையெல்லாம் ஊர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

அங்கே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு புரோட்டாக்கடை. பாய் கடை என்றால்தான் தெரியும். இப்போது கல்லாவில் பாய் இல்லை, அவர் சம்சாரம் இருக்கிறார். என்னை அண்ணே என்பார், நான் தங்கச்சி என்பேன். பதினெட்டு வருடமாகப் பின்கட்டில் சுவரைப் பார்த்தபடி மாவு பிசைந்தவர். பாய்க்கு முழங்கால் மடங்காமல் போய், டாக்டர் 'உட்காராதே, நட' என்று சொல்லிவிட்டார். பாய் சரக்கு வாங்க விருதுநகருக்கு நடையாய் நடக்க, கல்லா தங்கச்சிக்கு வந்தது. சும்மா வரவில்லை. ஒரு நிபந்தனையோடு வந்தது.

"தீவாளி வரைக்கும் பாப்பாகளாம்ணே" என்று எனக்கு டீ நீட்டியபடி ஒருநாள் சொன்னார். "ஒரு நா கல்லா கொறைஞ்சாலும் நான் திரும்ப மாவுக்குப் போயிரணுமாம். இங்கன உக்காந்தபொறகுதான்ணே ஊரு மொகத்தைப் பாக்கேன். யாரு எந்த பஸ்சுல வர்றாக, யாரு மொகம் வாடியிருக்கு, எல்லாம் தெரியுது. அந்தச் செவுத்துல என்ன இருக்கு? ஒரு பல்லி. அதுவும் போன வருசம் செத்துப்போச்சு."

ஸ்கேன் பண்ணி அனுப்புகிற பணமெல்லாம் பாயின் செல்போனுக்கு நேராகப் போய்விடும். பெட்டியில் விழுகிற தாள்தான் தங்கச்சியின் பரீட்சை. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

பணமழை பெய்த மூன்றாம் நாள் சாயங்காலம் கடைக்குள் நுழைந்தேன். பெஞ்சில் இருந்த அச்சாபீஸ்காரர்கள் மூன்று பேரும் படக்கென்று எழுந்து நின்றார்கள்.

"ஏலே எந்திரிங்கலே, தாத்தா வந்துட்டாரு!"

ஒன்றும் புரியவில்லை. தங்கச்சியைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. கல்லா மேலே, சோம்புத் தட்டுக்குப் பக்கத்தில், நான் கிடந்தேன். நாலாக மடித்துப் பிரித்த தழும்போடு.

"ஒங்கள நம்பி மோசம் போயிட்டேன்ணே" என்றார்.

மத்தியானக் கூட்டத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு ஆள் வந்திருக்கிறான். ஒரே ஒரு புரோட்டா பார்சல். மடித்த நோட்டை நீட்டியிருக்கிறான். ஒரு மடிப்பில் ஐந்நூறு, ஒரு மடிப்பில் முகம். தங்கச்சி மீதியை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"முகத்தைப் பார்க்கவில்லையா தங்கச்சி?"

"பாத்துத்தான்ணே வாங்குனேன்! தெரிஞ்ச மொகமா இருக்கேன்னுதான் வாங்குனேன். தெரிஞ்ச மொகம்னா நம்பலாம்லண்ணே? கடைன்னா அதானே? காது மட்டும் சின்னதா இருக்கேன்னு ஒரு நிமிசம் ரோசிச்சேன்." சொல்லிவிட்டு என் காதைப் பார்த்தார். நான் தலைமுடியை இழுத்து விட்டுக்கொண்டேன்.

மணி ஐந்தே கால். பாய் ஆறு மணி பஸ்ஸில் எண்ணெய் டின்னோடு வந்து இறங்குவார். இறங்கியதும் முதல் வேலை கல்லாவை எண்ணுவதுதான்.

பெஞ்சுக்காரர்கள் மூவரும் நோட்டைக் கையில் வாங்கினார்கள். வேறு ஊராக இருந்தால் கள்ளநோட்டைப் பார்த்ததும் எவன் கொடுத்தான், எங்கே போனான் என்றுதான் பேச்சு ஓடும். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. வெளிச்சத்தில் பிடித்தார்கள், நகத்தால் சுரண்டினார்கள்.

"மஞ்ச தூக்கலா இருக்குலே."

"ரிஜிஸ்டர் ஓடியிருக்கு. பாரு, மூக்குக்குப் பக்கத்துல இன்னொரு மூக்கு."

"கட்டிங்காவது நேரா இருக்கா? எந்த ஆபீஸ்லே அடிச்சது இந்தக் கண்றாவிய? நம்ம மிசினா இருந்தா இப்படியா விழும்?"

மூன்றாமவர் ஓரத்தை உற்றுப் பார்த்தார். சத்தம் இறங்கியது. "ஏலே... நம்ம மிசின்தாம்லே."

பெஞ்சு துக்க வீடாகிவிட்டது. பிறகு ஒருவர், "அன்னைக்கு மிசின்ல யாருலே நின்னது?" என்றார். மற்ற இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"சரிக்கா, விடுங்க" என்று அவர் பேச்சை மாற்றினார். "இருட்டுற நேரம் எவனாவது வெளியூர்க்காரன் தலையில இதைக் கட்டிவிட்டுருவோம்."

"ஏன், அவன் வீட்டுல ஒருத்தி மாவு பெசையப் போகணுமா?" என்றார் தங்கச்சி. அவர் வடையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

என் சட்டைப்பையில் காலண்டர் கூலி இருந்தது. சரியாக ஒரு நோட்டு. எடுத்துக் கல்லா மேலே வைத்தேன். தங்கச்சி அதை ஒற்றை விரலால் என் பக்கமே தள்ளினார்.

"எடுங்கண்ணே. தப்பு என் தப்பு. ஒங்க தருமத்துல கல்லா நெறஞ்சா அது என் கணக்கா? அவுககிட்ட நானே சொல்லிருதேன்." குரல் நேராகத்தான் இருந்தது. கை மட்டும் சோம்புத் தட்டை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருந்தது. கண் வாசலில். பஸ்களை, சைக்கிள்களை, நாளையிலிருந்து பார்க்கக் கிடைக்காத முகங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடந்தேன். ஊரெல்லாம் தெரிந்த முகம் என்று திரிந்தேனே, அந்த முகத்தாலே ஒருத்தியின் வாசல் அடைபடுகிறது. போயும் போயும் காது சுருக்கின முகம்.

மணி ஐந்தே முக்கால். தங்கச்சி நோட்டைக் கடைசியாக ஒருமுறை கையில் எடுத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இதைக் கொண்டுவருபவருக்கு... ஐந்நூறு... தருவேன் என... வாக்களிக்கிறேன்."

நின்றார். மறுபடி வாசித்தார். நான் நடையை நிறுத்தினேன். சிரிப்பைக் காணோம். ஒரு சொல் கூடுகிறது என்று சொன்ன அந்தப் பாவி, இருக்கிற சொல்லையெல்லாம் விட்டுவிட்டு அதையா வெட்டுவான்?

"அண்ணே, இத எளுதுனது யாரு?"

"நான்தான்."

"கீழ இருக்க கையெளுத்து?"

"அதுவும்... ஆனால் தங்கச்சி, அதில் ஒரு சொல் விட்டுப்போச்சு. ஐந்நூறு சிரிப்பு என்றுதான் நான்..."

"விட்டுப்போனதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் அச்சுல இருக்கிறதத்தானே படிக்க முடியும்?" முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "மொகம் ஒங்களுது. வாக்கு ஒங்களுது. கையெளுத்து ஒங்களுது. கொண்டுவந்தது நானு. குடுங்க ஐநூறு."

"அதைத்தானே அப்போதே கொடுத்தேன்!"

"அப்பக் குடுத்தது தருமம்ணே. இப்பக் குடுக்கிறது வாக்கு."

பெஞ்சு கைதட்டியது. "அண்ணாச்சி, புரூப் பாக்காம ஓடுனா இப்படித்தான்!" என்றார் இரண்டு மூக்கு அடித்தவர். அவர் சொல்லலாமா அதை? ஆனாலும் கொடுத்தேன். தங்கச்சி என்னை என்னிடம் நீட்டினார். வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்து நான் கொடுத்த நோட்டைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்து, தடவி, ஆட்டி, கம்பி தேடி, காதோரம் வைத்துச் சொடுக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, என்னையே சந்தேகப்படுகிறாயா?"

"இனிமே மொகத்தைப் பாத்து வாங்குறதில்லண்ணே" என்று பெட்டிக்குள் போட்டார்.

பாய் வந்தார். எண்ணெய் டின்னை இறக்கினார். கல்லாவை எண்ணினார். நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினார். மூன்று அச்சாபீஸ்காரர்களும் மேற்கூரையை ஆராய்ந்தார்கள்.

"சரியா இருக்கு" என்றார் பாய், கொஞ்சம் ஏமாந்த குரலில். உட்காரலாமா என்று கல்லாவைப் பார்த்தார். தங்கச்சி எழுந்திருக்கவில்லை.

"மாவு பெசைய வச்ச ஆள் சாயங்காலம் வரலங்க" என்றார். "டாக்டரு ஒங்கள உக்காரக் கூடாதுன்னுதானே சொன்னாரு? நின்னுக்கிட்டுப் பெசையலாம்."

பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மாவு தாம்பாளத்தில் 'தொப்' என்று விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "இங்கன ஒரு பல்லி இருந்துச்சே, எங்க?" என்றார்.

தங்கச்சி எனக்கு இன்னொரு டீ போடச் சொன்னார், காசு வேண்டாம் என்று. வாசலைப் பார்த்தபடி, சாவகாசமாகக் கேட்டார்:

"அண்ணே, இது மாதிரி எம்புட்டு நோட்டு அடிச்சிருக்காக?"

இரண்டு மூக்கு அடித்தவர் முந்திக்கொண்டார். "ஆபீஸ்ல இன்னும் ரெண்டு சாக்கு இருக்குக்கா."

தங்கச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பெஞ்சும் பார்த்தது. நான் டீயை அப்படியே வைத்துவிட்டு, விருதுநகர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.